சாவி கைமாறிய நாள்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் கவரைப்பேட்டையைக் கடந்து, கும்மிடிப்பூண்டி, எளாவூர் வரை பயணம் செய்வோர் ஆலைகளின் புகைபோக்கிகளைக் கண்டு செல்வர். அவற்றின் பின்னே ஏரிக்கரையோரமும் ரயில் பாதையோரமும் வரிசை வரிசையாக நிற்கும் ‘லைன் வீடுகள்’ அவர்கள் கண்ணிற் படுவதில்லை. 1971-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைத்தது. இரும்புருக்கு ஆலைகளும் உருட்டாலைகளும் பெருகின. பின்னர்த் தேர்வாய்கண்டிகையிலும் ஒரு தொழிற்பேட்டை எழுந்தது. திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ பேட்டை இருக்கிறது. ஆலை வந்தால் ஆட்கள் வருவர். ஆட்கள் வந்தால் தங்கக் கூரை வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த உழைப்பாளிகளுக்குக் கூரை கொடுத்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற எளிய குடும்பத்தினரே.

இவ்வீடுகளின் உரிமையாளரைப் பெரும் பண்ணையார் என எண்ணிவிட வேண்டாம். ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநிதியில் நான்கு அறை கட்டியவர், நகையை அடகு வைத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டவர், கணவரை இழந்தபின் மாத வாடகையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய் ஆகியோரே அவர்களுள் மிகுதி. ஆகவே வாடகைக்கு விட்ட இடம் சிதைந்து போனால் அது வெறும் சுவரின் சிதைவன்று. ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்து போகும் சங்கதி.

அண்மையில் நான் கண்ட ஒரு குடும்பத்தின் நிலையை, ஆள் அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றிச் சொல்லுகிறேன். கைம்பெண் ஒருவர் தம் நான்கு அறைகளை ஆட்களை அழைத்து வரும் காண்டிராக்டர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். முன்பணம் முப்பதாயிரம் ரூபாய். 2022-ஆம் ஆண்டு மே மாதம் அவர் அறைகளைக் காலி செய்து, சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திறந்து பார்த்தால் மின்சார மெயின் போர்டு கருகியிருந்தது. இரண்டு கழிப்பறைப் பீங்கான்கள் உடைந்திருந்தன. காற்றாடி வைப்பதற்காகச் சுவரைத் துளைத்திருந்தார்கள். கதவு நிலை ஒன்று அடுப்பெரிக்கப் போயிருந்தது. கொத்தனார் ஒன்றேகால் லட்சம் ஆகும் என்றார். அம்மையார் தொலைபேசியில் கேட்டார். “அம்மா, பில் பாஸ் ஆனதும் தருகிறேன்” என்றார் காண்டிராக்டர். பொங்கலுக்குத் தருவதாகவும், பின்னர் ஈஸ்டருக்குத் தருவதாகவும் வாக்குறுதிகள் தொடர்ந்தன. இடையில் வக்கீல் நோட்டீசும் ஒன்று அனுப்பினார்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் காண்டிராக்டரின் கைபேசி எண் வேலை செய்யாமற் போயிற்று. அப்போதுதான் வழக்குத் தொடுக்கச் சென்றார்கள். வழக்கறிஞர் தேதியைக் கேட்டார். தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதத்திற்கு முன்பே காலம் முடிந்துவிட்டது.

இதில் நீதி எங்கே என்று கேட்கத் தோன்றுகிறதன்றோ? அம்மையாரும் அதைத்தான் கேட்டார். சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

இந்தியக் காலவரையறைச் சட்டம் 1963-ஆம் ஆண்டினது. ஒப்பந்தத்தை மீறியதற்கு நட்ட ஈடு கேட்கும் வழக்கை, ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என அதன் அட்டவணையில் 55-ஆவது இனம் விதிக்கிறது. வாடகைப் பாக்கிக்கும் மூன்று ஆண்டுகளே. ஆனால் ஒவ்வொரு மாத வாடகைக்கும் அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து தனித்தனியே கணக்கு. குடியிருப்பவரிடமிருந்து இடத்தைத் திரும்பப் பெறும் வழக்குக்கோ, வாடகை உரிமை முடிந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் உண்டு. ‘பன்னிரண்டு வருடம்’ என்று ஊரில் எல்லாரும் பேசிக்கொள்வது இதைத்தான். அதைச் சேதத்திற்கும் பொருத்திக்கொண்டு அமைதியாக இருந்து ஏமாறியவர்கள் பலர்.

சேதத்திற்கு நாள் எப்போது தொடங்குகிறது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆவது பிரிவில், குடியிருப்பவர் இடத்தை ஒப்படைக்கும்போது தாம் பெற்ற நிலையிலேயே அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆகவே பொதுவாக, சாவி கைமாறிய நாளே கணக்கின் தொடக்கம். வாடகை உரிமை அதற்கு முன்னரே முடிவுற்று, குடியிருந்தவர் காலி செய்யாமல் இழுத்தடித்திருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முந்திய தேதியிலிருந்து எண்ணத் தலைப்படுவார். எனவே இருக்கும் தேதிகளுள் முந்தியதையே வைத்து எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

இந்தச் சட்டத்தின் கடுமையை மக்கள் அறியார். எதிராளி ‘காலம் கடந்துவிட்டது’ எனச் சொல்லாவிட்டாலும், நீதிமன்றமே அதைக் கவனித்து வழக்கைத் தள்ளிவிட வேண்டும் என்பது 3-ஆவது பிரிவு. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும் உண்டே தவிர, புதிதாகத் தொடுக்கும் வழக்குக்கு இல்லை. ஓடத் தொடங்கிய காலம், உரிமையாளர் நோயுற்றாலும் இறந்தாலும் நிற்பதில்லை; அவருடைய வாரிசுகள் மீதமுள்ள நாட்களைத்தான் பெறுவர். கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையில் விழுந்தால் மட்டும், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். மே மாதக் கோடை விடுமுறையில் இது சிலரைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலம் நிற்கும் என்பது நம்மிடையே வேரூன்றிய தவறான எண்ணம். நோட்டீஸ் நல்லதே; ஆனால் அது கடிகாரத்தை நிறுத்தாது. “தருகிறேன்” என்ற வாய்மொழியும் நிறுத்தாது. நிறுத்துவது என்றுகூடச் சொல்ல இயலாது, புதிதாகத் தொடங்கச் செய்வது ஒன்றுண்டு. மூன்று ஆண்டு முடிவதற்குள், பொறுப்பை ஏற்று எதிராளி எழுதிக் கையொப்பமிட்ட தாள் இருந்தால், அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு எண்ணப்படும். இது 18-ஆவது பிரிவு. நான் சொன்ன அம்மையார், முதல் பொங்கலின்போது காண்டிராக்டரிடம் நான்கு வரி எழுதி வாங்கியிருந்தால் இன்று வழக்கு உயிரோடிருக்கும். முடிந்த பிறகு வாங்கும் ஏற்புக்கு அந்த வலிமை இல்லை. அப்போது, தருவதாகப் புதிய வாக்குறுதியே எழுதி வாங்க வேண்டும்.

இங்கே கொரோனாக் காலத்தையும் குறிப்பிட வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நம் பகுதியிலிருந்து உழைப்பாளிகள் கூட்டங்கூட்டமாகச் சொந்த ஊர் திரும்பினர். பல அறைகள் பூட்டியபடியே கிடந்தன. சில மாதம் கழித்துப் பூட்டை உடைத்துத் திறந்தவர்களும் உண்டு. அந்த நாட்களின் நெருக்கடியைக் கண்டு, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள காலத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 10-ஆம் நாள் ஆணையிட்டது. ஆகவே, இடைப்பட்ட நாட்களில் சாவி பெற்றவர்களுக்கு 2022 மார்ச் 1-லிருந்து மூன்று ஆண்டு கிடைத்தது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அந்தச் சலுகையும் தீர்ந்துவிட்டது. “கொரோனாவில் போனதற்குக் கோர்ட்டில் காலம் உண்டாம்” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்போர் இதைக் கவனிக்க.

நிற்க. எது சேதம், எது சேதமன்று என்பதில் நம் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியது சிறிது உண்டு. அது அவர்களுக்கு இனிக்காது. நியாயமான பயன்பாட்டினால் நேரும் தேய்மானத்தையும், தடுக்கவியலாத பெருஞ்சக்தியால் நேரும் மாறுதலையும் மேற்சொன்ன 108-ஆவது பிரிவு விலக்கிவிடுகிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது பறந்துபோன கூரைத் தகட்டுக்குக் குடியிருந்தவரைப் பொறுப்பாக்க இயலாது. ஐந்து ஆண்டு வாழ்ந்த சுவரில் அழுக்குப் படிவது இயற்கை. விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரத்தில் இதைப் பற்றி நுட்பமான ஒரு சட்டம் இருக்கிறது. இரவல் வாங்கிய கால்நடைக்குச் சேதம் நேர்ந்தால், உரிமையாளர் உடனில்லாதபோது, வாங்கியவர் ஈடு செய்ய வேண்டும். கூலிக்கு வாங்கியதாயின் அந்தக் கூலியே ஈடு. வாடகை வாங்குகிறவர் தேய்மானத்தையும் சேர்த்தே வாங்குகிறார் என்பது அன்றே தெரிந்திருந்தது.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-ஆம் ஆண்டின் 42-ஆவது சட்டம்) இதை இன்னும் தெளிவாக்குகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிடில், சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவதும், மின் கம்பிகளையும் குழாய்களையும் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகு, சுவிட்சு, பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி, வடிகால் துப்புரவு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடத்தின் உறுப்புகளில் நேரும் பெரும் பழுது வீட்டுக்காரருடையதே, அது குடியிருந்தவரால் நேர்ந்திருந்தாலன்றி. முன்பணத்தில் குடியிருந்தவர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள் திருப்பித் தர வேண்டும். ‘வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை’ என்று முன்பணத்தில் கையை வைக்கும் பழக்கம் நம் ஞாயிறு திருப்பலிக்கு வரும் குடும்பங்களிலும் இருக்கிறது. எழுதிக்கொள்ளாமல் அப்படிப் பிடிப்பது பிறர் பணத்தைப் பிடிப்பதாகும். அதைக் கேட்க அந்த ஒடிசாக்காரருக்கும் சட்டம் காலம் கொடுத்திருக்கிறது. அவருக்கு வழி தெரியாது, அவ்வளவே.

இன்னொன்று. நான்கு பேருக்கான அறையில் பத்துப் பேரைத் தங்க வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிவிட்டு, பிறகு செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்ததற்கு நட்ட ஈடு கேட்பது முறையா? அந்த நெரிசலில் ஊதியம் பெற்றவர் வீட்டுக்காரர். நீதிபதியும் இதைக் கேட்பார். நான் கேட்பதில் தவறில்லை என எண்ணுகிறேன். அவ்வாறே, சேதத்தை உழைப்பாளியின் தலையில் சுமத்துவதும் கூடாது. ஒப்பந்தம் காண்டிராக்டரோடு. தம் பணியாட்களாலும் முகவர்களாலும் நேர்ந்த பழுதுக்கும் குடியிருப்பவரே பொறுப்பு என அதே 108-ஆவது பிரிவு சொல்லுகிறது. வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தகுந்த இருப்பிடம் தரும் கடமையை 1979-ஆம் ஆண்டுச் சட்டமும் காண்டிராக்டர்மீதே வைத்திருந்தது. கதவு நிலையை எரித்த பையனின் ஊதியத்தில் பிடித்துக்கொள்ளும்படி மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வருபவர்கள், தாம் யாரிடமிருந்து எதை எடுக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, வீடு என்பதை விட்டு நிலத்துக்கு வருவோம். தொழிற்பேட்டையைச் சுற்றி வெற்று நிலத்தையும் கொட்டகையையும் பழைய இரும்பு சேர்க்கவும், பீப்பாய் கழுவவும், பேட்டரி உடைக்கவும் வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு. அங்கே நேரும் சேதம் கண்ணுக்குத் தெரியாது. கிணற்று நீர் நிறம் மாறும்போதுதான் தெரியும்; அதற்குள் மூன்று ஆண்டு கடந்திருக்கலாம்.

நம் நாடறிந்த பெரும் எடுத்துக்காட்டு போபால். யூனியன் கார்பைடு ஆலை நின்ற நிலம் மத்தியப் பிரதேச அரசின் குத்தகை நிலம். 1984 டிசம்பரில் நேர்ந்த கொடுமைக்குப் பின் ஆலை மூடப்பட்டு, 1998-இல் அந்நிலம் அரசிடம் திரும்பி வந்தது. நிலத்தோடு நச்சுக் கழிவும் வந்தது. குத்தகைக்கு விட்ட அரசே அதைச் சுமக்கலாயிற்று. அங்கிருந்த கழிவுகளுள் 337 டன் 2025 ஜனவரியில்தான் பிதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டது. ஆலையருகே வாழ்ந்து மாசுபட்ட நீரால் துன்புற்ற ஒரு பெண்மணி நியூயார்க்கில் வழக்காடினார். உடல்நலக் கேட்டுக்கான அவருடைய கோரிக்கை, அங்குள்ள மூன்று ஆண்டு வரம்பைக் கடந்துவிட்டது என 2004-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தனை பெரிய துயரத்திற்கும் தேதி பார்த்தார்கள். அரசே இப்படி அகப்பட்டுக்கொண்டதென்றால், முக்கால் ஏக்கரை வாடகைக்கு விட்ட நம் உழவர் எம்மாத்திரம்?

எனினும் மண்ணும் நீரும் கெட்டதற்கு வேறொரு வாயில் உண்டு. 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, இழப்பீட்டையும் நிலத்தை மீட்டுச் சீர்செய்வதையும் கோரும் மனுவை, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. மாசு செய்தவரே சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நெறியை, வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. ஆகவே நிலத்தை வாடகைக்கு விடுமுன் கிணற்று நீரையும் மண்ணையும் ஒரு முறை சோதித்துச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளும் செலவு வீண் செலவாகாது.

சான்று என்று சொன்னேன். மூன்று ஆண்டு இருக்கிறதே என்று வாளாவிருப்பவர்களுக்கு அதனாலும் கேடு. வழக்கு காலத்திற்குள் தொடுக்கப்பட்டாலும், சுவரைப் பூசி வேறொருவருக்கு விட்டபின் சேதத்தை எப்படி மெய்ப்பிப்பது? இங்கிலாந்தில் ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டுக் காலம் இருக்கிறது. ஆயினும் அங்கே குடிபுகும் நாளிலேயே அறைக்கு அறை பொருட்பட்டியலும் நிலைக் குறிப்பும் எழுதி இருவரும் கையொப்பமிடுவது வழக்கம். 2007 ஏப்ரல் முதல், அங்குள்ள பெரும்பாலான வீட்டு வாடகைகளில் வாங்கும் முன்பணத்தை அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் கீழ்க் கொண்டுவரவும் வேண்டும். நாமோ பதினோரு மாத ஒப்பந்தத் தாளில் வாடகைத் தொகையை மட்டும் நிரப்பி, மீதியை ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுகிறோம். கைபேசி இல்லாத வீடில்லை. குடிபுகும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் இருவர் முன்னிலையில் படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? சாவியை அண்டை வீட்டில் வாங்கிக்கொள்ளாமல் நேரில் வாங்கி, தேதியிட்ட குறிப்பில் கையொப்பம் பெற்றுக்கொள்க. பழுது பார்த்த பட்டியல்கள், மின்பணியாளர் கொடுத்த ரசீது, முன்பணத்தில் எதற்கு எவ்வளவு பிடித்தோம் என்ற கணக்கு ஆகிய எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். உறையின் மேல் மூன்று ஆண்டு முடியும் தேதியை எழுதிவிடுங்கள்.

மறுபுறம் நிற்பவருக்கும் ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் வாடகைக்கு விடுவோரைவிட வாடகைக்கு இருப்போரே மிகுதி. ஆட்களை அழைத்து வரும் காண்டிராக்டர்களும் இருக்கிறார்கள். “மூன்று வருடம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று ஒருவர் நிம்மதிப் பெருமூச்சு விடலாமா? நாட்டுச் சட்டமே கடன் அழிந்தது என்று சொல்லவில்லை. அதை நீதிமன்றத்தின் வழியாக வசூலிக்கும் வழி அடைபட்டது என்று மட்டுமே சொல்லுகிறது. திருச்சபைச் சட்டமோ இதில் இன்னும் கண்டிப்பானது. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், நல்லெண்ணம் இல்லாதவருக்குக் காலக்கழிவு உரிமை தராது என வரையறுத்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் 198-ஆவது சட்டம் அதையே கூறுகிறது: தொடக்கத்தில் மட்டுமன்று, அக்காலம் முழுவதிலும் நல்லெண்ணம் இருந்திருக்க வேண்டும். தாம் உடைத்தது தெரிந்திருந்து, தவணை சொல்லி நாளைக் கடத்தியவரிடம் நல்லெண்ணம் எங்கே இருந்தது? ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிடும்போது அவர் 2025 ஜூலையைக் காட்டித் தப்ப முடியாது. குருமடத்தில் இச்சட்டத்தைப் படித்தபோது, நிலப்பிரபுக்களுக்கும் மடாலயங்களுக்குமான பழைய சட்டம் என்றே எண்ணியிருந்தேன். லைன் வீட்டுக் கழிப்பறைப் பீங்கானுக்கும் அது பொருந்தும் எனப் பங்குப் பணிதான் கற்பித்தது.

அம்மையாருக்கு மிஞ்சியது அவர் கையிலிருந்த முன்பணம் முப்பதாயிரம். வழக்கு காலங்கடந்ததென்றாலும், உண்மையான சேதத்துக்காக அதைக் கழித்துக்கொண்டது தவறாகாது என வழக்கறிஞர் சொன்னார். மீதியை வட்டிக்கு வாங்கி இரண்டு அறைகளைச் சீர் செய்திருக்கிறார். மற்ற இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன.

இன்னும் காலம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய நடைமுறைச் செய்திகள் சில. பண வழக்குக்கான நீதிமன்றக் கட்டணம் நம் மாநிலத்தில் 2017-இல் ஏழரை விழுக்காட்டிலிருந்து மூன்று விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. லட்ச ரூபாய் கோரிக்கைக்கு மூவாயிரம் ரூபாய். வணிகத்துக்கு மட்டுமே பயன்படும் கிடங்கு அல்லது கொட்டகையாக இருந்து, கோரும் தொகை மூன்று லட்சமோ அதற்கு மேலோ ஆனால், அவசர இடைக்கால ஆணை கேட்கும் வழக்கு தவிர, முதலில் சமரச மையத்துக்குச் சென்றாக வேண்டும். அங்கே செலவாகும் நாட்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படும். தவறான நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடும் முயற்சியோடும் வழக்காடிய காலமும் கழிக்கப்படும். பெண்களுக்கும், பட்டியலினத்தாருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வழக்கறிஞர் உதவி இலவசம். நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் போதும். மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அங்கு எழுதப்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது, மேல்முறையீடு கிடையாது. ஆனால் அங்கே பேச்சு நடக்கிறது என்று இருந்துவிடாமல், உறையின் மேல் எழுதிய தேதிக்குப் பல மாதங்கள் முன்னரே செல்லுங்கள். செல்லும்போது ஒப்பந்தத் தாளின் மூலப் பிரதியையும், சாவி பெற்றுக்கொண்ட குறிப்பையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.